தையலுக்கு விட்ட அரை அங்குலம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் ஏதோ இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் பல நாளாகப் போன் செய்து பார்த்தேன். போன் பழுது, கடிதம் போடச் சொல் என்று உன் அறையில் கூடத் தங்கியிருப்பவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். எல்லாருடைய போனும்தான் பழுதாகிறது, ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது. உன் போனுக்கு அப்படி என்ன வியாதியோ தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அடித்த காற்றில் பின்பக்கத்துத் தகரக் கூரை பெயர்ந்து உன் அலைச்சறுக்குப் பலகையின் மேல் விழுந்துவிட்டது. பலகை இரண்டு துண்டு. ஒட்டலாமா என்று பார்த்தேன், ஒட்டுகிற மாதிரி இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். வந்தால் எப்படியும் கேட்பாய். ஆனால் நீ வந்தால்தானே? மூன்று தடவை வருகிறேன் என்று சொல்லி மூன்று தடவையும் ஏமாற்றிவிட்டாய்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். புதுப் பலகையை நானே செய்யப்போகிறேன். சிரிக்காதே. நூறு மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்டுகிறவள் நான். யூனிஃபார்ம் கம்பெனியில் இத்தனை வருஷம் கட்டிங் மேசைக்கு முன்னால் நின்றே கால் தேய்ந்தவள். ஒரு பலகையை வெட்ட மாட்டேனா? வீடியோ பார்க்கிறேன். செய்கிறவன் கை செய்வது நன்றாகப் புரிகிறது, வாய் பேசுவதுதான் புரியவில்லை. அதை நீ சொல்லிக்கொடு. கடற்கரையில் வாடகைப் பலகைகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தவன்தானே நீ.

ஏறுகிறவனின் எடையைப் பார்த்துத்தான் பலகையின் கனம் வைக்க வேண்டுமாமே. சட்டைக்கு அளவு கேட்பதுபோல் கேட்கிறேன், உன் எடை என்ன?

உன் மாமாவிடம் சொன்னேன். “பலகையா? மொதல்ல இந்தக் கதவுத் தாழ்ப்பாளச் சரி பண்ணு, அப்புறம் கடலுக்குப் போகலாம்” என்கிறார். அவர் பேச்சை விடு. உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அக்கா


மார்ச் 6

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மாமாவுக்கும் சொல். நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். பதில் தாமதமானதற்குத் திட்டாதே. ஹோட்டல் நிரம்பி வழிகிறது. அத்தனை அறைகளின் விரிப்பும் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வருகிறது. நனைந்த விரிப்பு என்ன கனம் தெரியுமா? சாயங்காலம் அறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றத் தெம்பு இருக்காது, அப்படியே சாய்ந்துவிடுவேன்.

பலகை போனால் போகட்டும் அக்கா. அது பழசு, நீர் குடித்துக் குடித்து ஏற்கெனவே ஊறிப்போனது. நீ அதற்காக மெனக்கெட வேண்டாம். வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்.

ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொன்னால் இரண்டு செய்வாய். சரி, ஒரு பந்தயம். நீ பலகையை முடித்துவிட்டேன் என்று எழுது, நான் அன்றைக்கே பெட்டியைக் கட்டுகிறேன். சத்தியமாக. முடித்தால்தான், பாதியில் நிற்கிற பலகைக்கெல்லாம் நான் வர மாட்டேன்.

தெர்மகோல் கட்டியில் செய்வதுதான் உனக்குச் சுலபம். நடுவே நெடுக ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வைத்து ஒட்டிக்கொள், இல்லாவிட்டால் அலையில் முறியும். எடை கேட்டாய். அதே எடைதான், எழுபத்தெட்டு. என்னவோ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

போனைச் சரிபார்க்கக் கொடுத்திருக்கிறேன். கடிதமே போடு. படிக்க நன்றாக இருக்கிறது.

உன் தம்பி


மார்ச் 30

பந்தயம் கட்டிய தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், வேறு என்ன செய்வது.

குளிர்பதனக் கிடங்கு ஒன்றை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே சுவருக்குள் வைத்திருந்த பெரிய தெர்மகோல் கட்டிகளை வாங்கினோம். உன் மாமா பஸ் கண்டக்டர் என்றுதான் பெயர். “பஸ்ல ஏத்துனா என் சீட்டக் கிழிச்சிருவாங்க” என்று கையை விரித்துவிட்டார். அதனால் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நடந்தே வந்தோம். காற்று அடித்தது. கட்டிக்கு எடையே இல்லை, ஆனால் காற்று வந்தால் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. முக்கு திரும்பும்போது என்னை ஒரு சுற்று சுற்றிவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். உன் மாமா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், நான் குனியவில்லை.

நீளத்துக்கு வேறு இடம் இல்லாததால் பின்னறையைத் திறந்தேன். அம்மா படுத்திருந்த, அதன்பின் அப்பா படுத்திருந்த அறை. கட்டிலைக் கழற்றி வெளியே எடுத்தோம். கட்டில் நின்ற இடத்தில் இரண்டு இஸ்திரி மேசைகளைப் போட்டு, அதன்மேல் பலகையைக் கிடத்தியிருக்கிறேன். முதல் நாள் அறைக்குள் போகவே மனசு வரவில்லை. இப்போது பழகிவிட்டது.

அச்சு எடுப்பது எனக்குக் கைவந்த வேலை. பழுப்புத் தாளை நெடுக மடித்து, பாதிப் பலகையை மட்டும் வரைந்து வெட்டி விரித்தேன். இரண்டு பக்கமும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. உன் மாமாவே தாளை வாங்கி மறுபடி மடித்துப் பார்த்தார். எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியன் ஹீட்டர் கம்பியில் ஒரு வில் மாதிரி செய்து கொடுத்தார். கம்பி சூடானதும் தெர்மகோலில் வைத்து இழுத்தால் போதும். இவ்வளவு நிம்மதியாக நான் எதையும் வெட்டியதே இல்லை.

வெட்டி முடித்து டேப் வைத்துப் பார்த்தால் எல்லாப் பக்கமும் அரை அங்குலம் அதிகம். எப்படி வந்தது என்று தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் சுற்றிலும் தையலுக்கு விட்டு வெட்டியிருக்கிறேன்!

இதை உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பஸ்ஸில் ஏறுகிற எல்லாரிடமும் சொல்லிவிடுவார். அடுத்து என்ன செய்ய வேண்டும், எதைப் பூச வேண்டும் என்று விவரமாக எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

தம்பி எழுதுகிறேன். நலம்தான், உங்கள் நலத்தையும் எழுதுங்கள்.

தையலுக்கு விட்டதைப் படித்துச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. இங்கே பிளீச் நெடி அதிகம், கொஞ்ச நாளாகத் தொண்டை சரியில்லை, வேறொன்றும் இல்லை. பலகைக்கு மேல் என்ன, பட்டன் வைத்துத் தைக்கப்போகிறாயா? அந்த அரை அங்குலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடு. ஓரங்களை உருண்டையாக இழை, கூர்மையாக விடாதே. தடவிப் பார்த்தால் கை எங்கேயும் நிற்கக் கூடாது.

அதன்பின் மேலே ஃபைபர் துணியை விரித்து ரெசின் ஊற்றிப் பரப்ப வேண்டும். கடையில் ரெசின் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

என்னைச் சலவையிலிருந்து மாற்றி, கீழே துணி மடிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, பாரம் தூக்க வேண்டியதில்லை. ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று தெரியாது, அவ்வளவுதான்.

நிதானமாகச் செய். அவசரம் ஒன்றும் இல்லை.

உன் தம்பி


மே 24

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ இருக்கிறாயா?

பலகை போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன், கேள்.

ஒரு மாசம் தேய்த்தேன். வேலையில் நின்றுவிட்டு வந்து, இங்கேயும் நின்றுதான் தேய்க்க வேண்டும். தெர்மகோல் மணி வீடு முழுக்கப் பறந்தது. தலையணையில் இருந்தது, உன் மாமாவின் டிக்கெட் பையில் இருந்தது, சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. அவர் ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. “உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்று சொல்லி மணிகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். ஓரங்களை நீ சொன்ன மாதிரியே இழைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன், கை எங்கேயும் நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை துணியை விரித்தேன். கெமிக்கல் கடையில் ரெசின் என்று கேட்டேன், தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டை அடைக்கிறதைக் கொடுத்தார்கள். கலக்கி ஊற்றினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு துணி மெல்ல உள்ளே இறங்க ஆரம்பித்தது. என் கைபட்டுத்தான் அழுந்துகிறதோ என்று கையை எடுத்தேன். எடுத்த பிறகும் இறங்கியது. ஊற்றிய இடமெல்லாம் பள்ளம். துணியைப் பிடித்து இழுத்தேன், தெர்மகோல் பிசின் மாதிரி கூடவே வந்தது. கடைசியில் நடுவில் வைத்த மரச்சட்டம் மட்டும்தான் முழுசாக நின்றது.

நான் அழுதேன் தம்பி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அழுததைவிட அதிகமாக அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா? அப்போது அழ நேரம் இருக்கவில்லை. உன் மாமா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். “தெர்மகோலுக்கா? இத எப்படிம்மா ஊத்துனீங்க, இது அத தின்னுருமே! எபாக்சின்னு கேட்டிருக்கணும். பலகைக்கு ஒட்டுப் போடுற எவனக் கேட்டிருந்தாலும் இதத்தான் மொதல்ல சொல்லியிருப்பான்” என்றார்.

நீ எழுத மறந்திருப்பாய். வேலைக் களைப்பில் யாருக்கும் மறக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 28

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோபமாக எழுதிவிட்டேனோ என்று நினைத்துப் பார்த்தேன். கோபமாக எழுதியதாக ஞாபகம் இல்லை. போன் செய்தேன், மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அப்படியானால் போன் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. காலையில் நீலத் துணி, மத்தியானம் காக்கி, கண்ணை மூடினாலும் கோடுகள்தான் தெரிகின்றன. வெட்டுகிற மெஷினைப் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. “கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா ஒனக்கு?” என்று உன் மாமா கேட்கிறார். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

இன்னொரு கட்டி வாங்கி வந்துவிட்டேன். இந்தத் தடவை டீக்கடைக்காரரே வந்து ஒரு முனையைப் பிடித்தார். அதே பழுப்புத் தாள் அச்சை வைத்துத்தான் வெட்டினேன். அதனால் அந்த அரை அங்குலமும் மறுபடி வந்து சேர்ந்திருக்கிறது. தேய்த்து எடுக்க வேண்டும், மணிக்கட்டு கொஞ்சம் அடங்கட்டும்.

வர வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. இரண்டு வரி எழுது. நான் படிக்க வேண்டும்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

இத்துடன் ஃபைபர் துணி அனுப்பியிருக்கிறேன். இங்கே படகு பழுது பார்க்கும் ஒருவரிடம் வாங்கினேன், நல்ல துணி. வெட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள், கையுறை போட்டுக்கொள், இழை தோலில் ஏறினால் அரிக்கும். துணி மடிந்துவிடக் கூடாது என்று என் பழைய கால்சட்டையை உள்ளே வைத்துச் சுற்றியிருக்கிறேன். கால்சட்டையைத் தரை துடைக்க வைத்துக்கொள்.

எபாக்சி வாங்கு. எபாக்சி மட்டும்தான். அவர்கள் வேறு எதைக் கொடுத்தாலும், விலை குறைவு என்றாலும் வாங்காதே. ஒரு சின்னத் துண்டுத் தெர்மகோலில் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு பலகையில் ஊற்று. கலந்ததைக் குவளையிலேயே வைத்திருக்காதே, சூடேறிப் புகையும். கலந்த உடனே ஊற்றிப் பரப்பிவிடு.

மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


ஜூலை 27

தம்பிக்கு,

பார்சல் வந்தது. துணி நன்றாக இருக்கிறது. நலம் விசாரித்து ஆரம்பிக்க வேண்டும், எனக்கு இன்றைக்கு அந்தப் பொறுமை இல்லை.

தரை துடைக்க ஒரு கால்சட்டை அனுப்பினாயே, அதை எடுத்து உதறினேன். உதறினதும் கை நின்றுவிட்டது. தம்பி, நீ அதை ஒரு தையல்காரிக்கு அனுப்பியிருக்கிறாய் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இடுப்பைப் பின்பக்கம் உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறது, நீல நூலில். அதற்கும் உள்ளே இன்னொரு தடவை பிடித்திருக்கிறது, கறுப்பு நூலில். இரண்டும் கைத்தையல், இரண்டும் கோணல், ஊசி பிடிக்கத் தெரியாத உன் தையல்தான். ஒரே நேரத்தில் தைத்ததும் இல்லை. நீல நூல் பல சலவை கண்டு வெளுத்திருக்கிறது, கறுப்பு இன்னும் புதுசாக இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். அளந்துவிட்டு அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபத்தெட்டு என்று எழுதினாயே. அந்த எடைக்கு அந்த இடுப்பு இல்லை. என் வேலையில் நான் ஏமாற மாட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். போன் ஏன் பழுதானது, பாரம் தூக்காத வேலைக்கு ஏன் மாற்றினார்கள், இருமல் எதனால் வந்தது. ஒட்டுப் போடுகிறவன் முதலில் சொல்லவேண்டியதை நீ ஏன் சொல்லவில்லை என்றும் யோசித்தேன். முடித்தால் வருகிறேன் என்று சொன்னது நான் முடிக்க மாட்டேன் என்ற தைரியத்தில்தானே? முடித்துவிடுவேன் போல் தெரிந்ததும் உனக்குப் பயம் வந்துவிட்டது. அதுதானே?

நான் திட்டவில்லை. திட்டுகிற தெம்பு இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என் கூடப் பிறந்தது என்று எனக்கு இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். உனக்கு என்ன? ஒரு வார்த்தையில் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

அக்கா

பி.கு. உன் மாமா அந்தக் கால்சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “லீவு போடட்டுமா, நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டார். நீ எழுதுகிற வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். ரொம்ப நாள் பொறுக்க மாட்டார்.


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வார்த்தையில் கேட்டாய். காசநோய். நுரையீரலில்.

போன வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. இப்போது அடங்கிவிட்டது, பயப்படாதே. மாத்திரைகள் முடிகிற கட்டத்தில் இருக்கிறேன். யாருக்கும் ஒட்டாது, அது முதல் சில வாரங்களிலேயே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். நான்தான் நம்பாமல் மாதக்கணக்கில் தட்டைத் தனியாகக் கழுவி வைத்தேன். போன் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் இருமல் வந்துவிடும். நீ கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எடுக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவாய். அம்மாவை நீ பார்த்தாய், அப்பாவையும் நீதான் பார்த்தாய். அந்த வருஷங்களில் உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் வருவேன், இரண்டு நாள் இருப்பேன், பணத்தை உன் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவேன். மூன்றாவதாக நானும் அந்த அறையில் வந்து படுக்க வேண்டுமா என்று நினைத்தேன். குணமாகி, பழைய ஆளாக வந்து நிற்கலாம் என்று பார்த்தேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை.

ரெசின் விஷயம் நீ நினைத்ததுதான். அந்தக் கடிதத்தை எழுதும்போது அந்த வரி பேனா முனை வரைக்கும் வந்தது. நீ அழுதேன் என்று எழுதியதைப் படித்த பிறகு எனக்குப் பதில் எழுதக் கை ஓடவில்லை. அதை மன்னிக்கச் சொல்லி எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

இப்போது என் எடை ஐம்பத்தேழு. நடுவில் இன்னும் கீழே போயிருந்தது, கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன். டாக்டர் ஊருக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்கிறார். தண்ணீரில் இறங்கலாம், அலையோடு மல்லுக்கட்டக் கூடாது என்கிறார். நீ எழுபத்தெட்டுக்கு அளவெடுத்துச் செய்கிறாய். அந்தப் பலகைக்கு ஏற்ற ஆள் நான் இல்லை அக்கா. என்னைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியுமோ தெரியாதோ.

மாமாவை லீவு போட வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி


செப்டம்பர் 14

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மாமா சுகம், மணிக்கட்டு சுகம், முழங்கால் பழையபடி. உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வேலையை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பலகை முடிந்துவிட்டது.

எபாக்சி மட்டும்தான் வாங்கினேன். துண்டில் ஊற்றிப் பார்த்தேன், தின்னவில்லை. பிறகும் பயம்தான். உன் மாமாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஊற்றினேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். துணி கண்ணாடியாகி, அடியில் தெர்மகோல் மணிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எதுவும் இறங்கவில்லை. ஒரு ஓரத்தில் துணி மடிந்துவிட்டது, இன்னொரு இடத்தில் உன் மாமாவின் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. “காஞ்சிருச்சான்னு பாத்தேன்” என்றார். காயவில்லை.

நேற்று கடலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இத்தனை வருஷம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் நான் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பலகையைத் தண்ணீரில் போட்டு, உன் மாமா பேண்டோடு இடுப்பளவு நின்று அதன் வால் முனையைப் பிடித்துக்கொண்டார். நான் குப்புறப் படுத்தேன். மூழ்கும் என்றுதான் நினைத்தேன். நான் என்ன எடை என்று உனக்குத் தெரியும், எழுத வேண்டாம். அது என்னைத் தூக்கி வைத்துக்கொண்டது தம்பி. அப்படியே கன்னத்தை வைத்துக் கிடந்தேன். யாரோ என்னைச் சுமப்பது எனக்குப் புதுசாக இருந்தது. எழுந்திருக்கவே தோன்றவில்லை. கடைசியில், “வீட்டுக்கு வர்றியா, இல்ல சாப்பாட்ட இங்க கொண்டாரட்டுமா?” என்று அவர் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

என்னையே சுமந்தது, ஐம்பத்தேழைச் சுமக்காதா? அலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். நின்று காட்டு என்று உன்னை யார் கேட்டார்கள்? படுத்துக் கிட. உன் மாமா வாலைப் பிடித்துக்கொள்வார், அவருக்கு இப்போது அனுபவம் இருக்கிறது. அந்த அரை அங்குலத்தை நான் தேய்த்து எடுக்கவில்லை. தெம்பு இல்லாதவனுக்குப் பெரிய பலகைதான் சுலபம் என்று வீடியோக்காரன் கையை விரித்துக் காட்டினான், அந்த மட்டும் புரிந்தது.

மூன்றாவதாக அந்த அறையில் வந்து படுக்க வேண்டாம் என்று நினைத்தாய். எனக்குச் சலிப்பு என்பது உண்மைதான், உன்னிடம் மறைக்க மாட்டேன். அதற்காக நீ எங்கோ ஒரு அறையில் தனியாகத் தட்டுக் கழுவிக்கொண்டு கிடந்தால் என் சலிப்பு போய்விடுமா? சலித்துக்கொண்டேதான் பார்ப்பேன், நீ திட்டு வாங்கிக்கொண்டே படுத்திரு. பின்னறைக் கட்டிலை மறுபடி உள்ளே கொண்டுவந்து பூட்டி, ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறேன். ரெசின் நெடி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நீ வருவதற்குள் போய்விடும். அதற்காக மறுபடி தேதியைத் தள்ளிப் போடாதே.

பந்தயத்தில் தோற்றவன் நீ. பெட்டியைக் கட்டு. எந்த வண்டி என்று போனில் சொல். இருமினால் இருமு, நான் காத்திருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அடையாளம் தெரியுமோ என்று கேட்டாய். உன் கால்சட்டையைத் தரை துடைக்கப் போடவில்லை. முதல் நாள் இடுப்பைத்தான் அளந்தேன், கோபத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. போன வாரம்தான் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தடவை சிறிதாக்கியும், மிச்சத் துணியை நீ வெட்டவே இல்லை. அத்தனையையும் உள்ளேயே மடித்து வைத்துத் தைத்திருக்கிறாய், மறுபடி உடம்பு தேறும் என்று நினைக்கிறவன் மாதிரி. அந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியும். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றாயே, அதனால் கறுப்பு நூலை மட்டும் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். நீல நூல் அப்படியே இருக்கிறது. அதை நீ வந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

உன் அக்கா